கூரையை முதலில் பேசுங்கள்

வீடு கட்டப்போகிறோம் என்று என்னிடம் வருகிறவர்கள் தலைவாசலுக்குத் தேக்கா வேம்பா என்று கேட்பார்கள். ஹாலுக்கு டைல்ஸா கிரானைட்டா என்று என் மேசைக்கு எதிரிலேயே வாக்குவாதம் நடக்கும். பூஜை அறை எந்த மூலையில் வரவேண்டும் என்பதற்கு ஏற்கெனவே இரண்டு பேரிடம் கருத்துக் கேட்டிருப்பார்கள். கூரைக்கு என்ன போடலாம் என்று நான் கேட்டால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்: "அது தளம்தானே மேடம், வேற என்ன?"

மன்னார்குடியில் இருந்துகொண்டு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பதும் வேலையை நின்று பார்ப்பதும் என் தொழில். நீடாமங்கலம், வடுவூர் பக்கமும் போவேன்; தெற்கே முத்துப்பேட்டை, வேதாரண்யம் வரைக்கும் கடலோரமாகவும் போவேன். அப்பா ஓட்டு வீடுகளுக்குக் கூரைச் சட்டம் கூட்டும் தச்சர். அதனால்தானோ என்னவோ, ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் மேலேதான் போகிறது.

கூரையை முடிவு செய்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இரண்டு இரவுகளை மனதில் வையுங்கள். ஒன்று சித்திரை மாதத்து இரவு. மணி பதினொன்று, கரண்ட் இல்லை. இன்னொன்று ஐப்பசிக் கடைசியில் கடலில் இருந்து காற்று கிளம்பி வரும் இரவு. அந்த இரண்டு இரவிலும் உள்ளே படுத்திருக்கும் பெரியவர்களும் குழந்தைகளும் எப்படி இருப்பார்கள்? அதற்குப் பதில் கிடைத்த பிறகு விலையைப் பாருங்கள். தெருவிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கிறதா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

கான்கிரீட் தளத்தை நான் குறை சொல்ல வரவில்லை. "ஓட்டு வீட்டுக்கு யாரு மேடம் பொண்ணு குடுப்பா?" என்று ஒரு தகப்பனார் கேட்டபோது அவரை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. கீற்றுக் கொட்டகையில் பிறந்து, அடைமழையில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் நகர்த்தி வளர்ந்தவர் அவர். மெத்தை வீடு என்பது அவர் உழைத்துச் சம்பாதித்த மரியாதை. தளத்துக்கு வேறு பலன்களும் உண்டு. தீப்பிடிக்காது. புயல் காற்று அதைத் தூக்காது. மேலே தண்ணீர்த் தொட்டி வைக்கலாம், நெல் காயப்போடலாம், பிள்ளைக்குக் கல்யாணமானால் இன்னொரு மாடி எடுக்கலாம். மாடி எடுப்பது உறுதி என்றால் வேறு யோசனையே வேண்டாம், கான்கிரீட்தான்.

சிக்கல் வெயிலில் இருக்கிறது. ஐந்து அங்குலத் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 28 கிலோ எடை வரும். எங்கள் கணக்கில் ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி. ஆக ஒரு சதுரத்துக்கு மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பத்துச் சதுர வீடு என்றால் தலைக்கு மேலே 28 டன் கல்லும் மணலும் சிமென்டும் பகல் முழுக்கச் சூட்டை வாங்கிக்கொண்டிருக்கின்றன. மே மாதத்து மதியத்தில் வெறும் கான்கிரீட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு உடனே கீழே வந்துவிடாது, தளத்தின் கனத்துக்குள் மெதுவாக இறங்கும். வெயில் உச்சத்தைத் தாண்டி நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் அடிப்பக்கம் நன்றாகச் சுடத் தொடங்கும். வெளியே காற்று குளிர்ந்து, வாசலில் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும் நேரத்தில் படுக்கையறைக்குள் அனல் இறங்குவது இதனால்தான். மின்விசிறி அந்த மேல்சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு மே மாதம் இரவு ஒன்பது மணிக்குப் போயிருந்தேன். வீடு கட்டி ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. முக்காலியில் ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்தேன். சில விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. அவருடைய அம்மா எண்பதைத் தாண்டியவர். ஈரத்துண்டைத் தரையில் விரித்து அதன் மேல் படுத்திருந்தார். "வயலு வேலைக்குப் போன காலத்துல கூட இப்படி வேர்த்ததில்ல தாயி," என்றார். பையன் ஓர் அறைக்கு ஏசி வாங்கி மாட்டியிருந்தார். ஏசி குளிர் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. தளத்துக்கு மேலே ஒரு சிமென்ட் பூச்சு, அதன் மேல் சிவப்புத் தட்டோடு, அவ்வளவுதான். தட்டோடு பதித்திருப்பதால் வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தட்டோடு என்பது மேல்தோல் மட்டுமே. வெயிலைத் தடுக்க வேண்டியது அதன் அடியில் இருக்கவேண்டிய செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த மூன்று அங்குலக் கனம். பொதுப்பணித் துறையின் பழைய விதிப்படி 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. கலவையைப் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன் மேல்தான் தட்டோடு. உடைந்த செங்கல்லுக்குள் இருக்கிற நுண்ணிய காற்றுத் துளைகள்தான் சூட்டைத் தாமதப்படுத்துகின்றன. இப்போது அடிக்க ஆள் கிடைப்பதில்லை, நாள் பிடிக்கிறது என்று இந்த அடுக்கையே தூக்கிவிடுகிறார்கள். தளம் போடுகிறவர்கள் மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கு வெள்ளை அடிப்பதுதான் கைக்கெட்டிய வழி. சுவருக்கு இல்லை, மொட்டைமாடிக்கு. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, பசை கலந்து இரண்டு கோட் அடித்தால் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கடையில் விற்கிற குளிர்கூரைப் பெயின்ட் இன்னும் நாள்படும்; வெள்ளை ஓடும் பதிக்கலாம். வீட்டைப் பொறுத்து உள்ளே இரண்டு டிகிரியிலிருந்து ஐந்து டிகிரி வரை குறையும். இரண்டு டிகிரி என்ன பெரிதா என்று கேட்பவர்கள் அந்த அம்மாவின் பக்கத்தில் ஓர் இரவு படுத்துப் பார்க்க வேண்டும். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அகமதாபாத் மாநகராட்சி வெப்ப அலையைச் சமாளிக்கும் திட்டத்தில் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தது. சுண்ணாம்பு மழையில் கரையும், தூசி படிந்தாலும் பலன் குறையும். பங்குனி மாதமே மாடியைக் கழுவி மறுபடி அடித்துவிட வேண்டும்.

தளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிற மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பி பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அடியில் கவர் பிளாக் வைத்துத் தூக்கியிருக்க வேண்டும். கடலோரத்தில் இதை விட்டுவிட்டால் உப்புக்காற்று கம்பியைப் பிடித்து, துரு பருத்து, சீலிங் பொரிந்து விழும். கான்கிரீட் இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு வாரம். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால்தான் மழைத்தண்ணீர் குழாயைத் தேடிப் போகும்.

கான்கிரீட் வருவதற்கு முன்பும் நம் ஊரில் தட்டைக் கூரை உண்டு. தஞ்சாவூர், கும்பகோணத்துப் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரங்கள் வரிசையாக ஓடும். அவற்றுக்கு மேல் மெல்லிய சின்னச் செங்கற்கள் நிறுத்தி வைத்த வாக்கில், கோணலான வரிசையில், சுண்ணாம்பில் உட்கார்ந்திருக்கும். மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். செங்கல்லுக்கு மேலே கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து அடித்த ஜல்லித் தளம். இரும்பே இல்லை, எனவே துருவும் இல்லை. நூறு வருஷம் தாண்டியும் பல வீடுகளில் ஒழுகாமல் நிற்கிறது. தேக்கு விற்கிற விலையில் புதிதாகக் கட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் பரம்பரை வீட்டில் அப்படி ஒரு கூரை இருந்தால், நாலு இடத்தில் ஈரம் தெரிகிறது என்பதற்காக இடித்துத் தள்ளாதீர்கள். உத்திரத்தின் தலை சுவருக்குள் போகிற இடத்தில் மக்கியிருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பாருங்கள். அங்கே கெட்டியாக இருந்தால் மீதியைச் சரிசெய்துவிடலாம்.

இனி ஓடு. இதைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பாசம் கூடிவிடுவது தெரியும், காரணத்தோடுதான் சொல்கிறேன். நாட்டு ஓடு பாதி உருளையாக இருக்கும். ஒரு வரிசை நிமிர்த்தி, அதன் மேல் ஒரு வரிசை கவிழ்த்துப் போடுவார்கள். ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளாது, சும்மா படுத்திருக்கும். பூனை ஓடினாலும் நகரும். வருஷா வருஷம் மழைக்கு முன் ஆள் விட்டுப் பிரித்து மேய வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது அருகிவிட்டார்கள்.

மங்களூர் ஓடு வேறு வகை. அதன் அடியில் ஒரு மூக்கு இருக்கும். அது ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். பக்க விளிம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் உட்காரும். இந்த மாட்டு ஓட்டை முதலில் செய்தவர்கள் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இருந்த ஜிலார்தோனி சகோதரர்கள், 1841-ல். பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1865-ல் மங்களூரில் ஆலை வைத்தார்கள். நேத்ராவதி, குருபுரா ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த களிமண் அதற்கு வாகாக இருந்தது. கோழிக்கோடு பக்கத்து பெரோக்கு வரை ஆலைகள் பரவின. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள், ரயில் நிலையங்கள், அரிசி ஆலைகள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் ஓடு வந்தது. பழைய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். அந்த ஆலைகளில் பல இன்று மூடிக் கிடக்கின்றன.

ஓட்டுக்கூரை சித்திரை இரவில் ஏன் நல்லது? ஓர் ஓடு இரண்டரை கிலோ, ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய 150 ஓடு. கணக்குப் போட்டால் நானூறு கிலோவுக்குள். கான்கிரீட்டின் மூன்று டன் எங்கே, இது எங்கே! எடை குறைவு என்பதால் சேர்த்து வைக்கிற சூடும் குறைவு. பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் ஓடு ஆறிவிடும். சூடான காற்று மேலே ஏறி ஓட்டின் இடுக்கு வழியாகத் தானே வெளியேறும். பகலில் சூடு தெரியத்தான் செய்யும். அதற்கு ரீப்பருக்கு அடியில் தட்டையான சீலிங் ஓடு ஒரு வரிசை போட்டு, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டால் போதும். செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டை அடுக்கடுக்காகப் போட்டிருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

ஓடு வாங்கும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு ஓட்டை எடுத்து ஒன்றால் மற்றொன்றைத் தட்டுவேன். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் சரியாக வேகவில்லை அல்லது உள்ளே கீறல் இருக்கிறது. பிறகு ஓர் ஓட்டின் நாலு ஓரத்திலும் களிமண்ணால் வரப்பு கட்டி, தண்ணீர் ஊற்றி, இரண்டு செங்கல் மேல் வைத்துவிடுவேன். ஆறு மணி நேரம் கழித்து அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். ஈரம் படர்ந்திருந்தால் பரவாயில்லை. சொட்டு விழுந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் பழைய ஓடு பல சமயம் புதிதைவிட நன்றாக இருக்கும். ஆனால் ஒரே ஆலையின் ஓடாகப் பொறுக்க வேண்டும். இரண்டு ஆலை ஓடு கலந்தால் விளிம்பு சரியாக உட்காராது, அந்த இடுக்கில் சாரல் இறங்கும். ரீப்பர் இடைவெளியை அளவுகோலை மட்டும் நம்பிக் குறிக்கக் கூடாது, வாங்கின ஓட்டையே மேலே வைத்துப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பார் அப்பா.

அவர் காலத்தில் சட்டத்துக்கு வைரம் பாய்ந்த பனங்கை. பழுத்த பனையின் அடிப்பகுதியில் அறுத்ததைக் கரையான் லேசில் தொடாது. இப்போது அந்தப் பனையும் இல்லை, அறுக்கிறவர்களும் குறைவு. நான் கால்வனைஸ் செய்த சதுரப் பைப்பில் சட்டம் போடச் சொல்கிறேன். கரையான் கவலை இல்லை. ஆனால் வெல்டு வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். அங்கே துரு தடுக்கும் பெயின்ட் அடித்தார்களா என்று ஏறிப் பார்க்க வேண்டும். சரிவு 30 டிகிரிக்கு நெருக்கமாக இருக்கட்டும். பன்னிரண்டு அடி அகல அறையின் நடு முகடு, சுவர் மட்டத்திலிருந்து மூன்றரை அடி உயர்ந்தால் அந்தச் சரிவு வந்துவிடும். அழகுக்காகச் சரிவைக் குறைத்தால் சாய்ந்தடிக்கிற மழையில் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறும். குரங்கு வருகிற ஊராக இருந்தால் ஓட்டுக்கு அடியில் கம்பி வலை போடாமல் ஓட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஐப்பசி இரவுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அடுத்த வாரங்களில் நான் போன ஊர்களில் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்துக் கிடந்தன. தகர சீட்டுகள் வயலிலும் வாய்க்காலிலும் மடங்கிக் கிடந்தன. ஒரு வீட்டில் சீட்டும் அதைத் தாங்கிய இரும்புச் சட்டமும் கழலாமல் ஒரே துண்டாகப் போய் அடுத்த தெருவில் விழுந்திருந்தன. ஸ்குரு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சட்டத்தைச் சுவரோடு பிணைக்க எதுவுமே வைத்திருக்கவில்லை. செங்கல் மேல் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள்.

காற்று கூரையை அழுத்தும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். புயலில் நடப்பது நேர் எதிர். கூரை மேல் வேகமாக ஓடுகிற காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தள்ளும். ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் இந்த இழுப்பு மிக அதிகம். எனவே சீட்டிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அஸ்திவாரத்துக்கு என்று பிடிமானம் அறுபடாமல் இறங்க வேண்டும். சுவரின் தலையில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டு, அதற்குள்ளிருந்தே போல்ட்டைக் கிளப்பிச் சட்டத்தைப் பூட்ட வேண்டும். இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். வராண்டாக் கூரையைத் தனிச் சட்டமாக வையுங்கள். அது போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. இந்திய தர நிர்ணய அமைப்பு சிறிய வீடுகளைப் புயலிலிருந்து காப்பதற்கென்றே ஐஎஸ் 15498 என்ற வழிகாட்டியை 2004-ல் வெளியிட்டது. 22 முதல் 30 டிகிரிச் சரிவு நல்லது என்று அது சொல்வது மங்களூர் ஓட்டின் சரிவோடு ஒத்துப்போவது எனக்கு மகிழ்ச்சி. ஓட்டுக்கூரையில் இறவாரத்து வரிசைகளையும் மோட்டு ஓட்டையும் கம்பியால் கட்டி, நாலைந்து அடிக்கு ஒரு கலவைப் பட்டை ஓட்டினால் காற்று ஓட்டை ஒவ்வொன்றாக உரிக்க முடியாது.

சீட்டு வகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் பற்றி நான் மழுப்ப மாட்டேன்: வாங்காதீர்கள். மலிவு, ஒரே நாளில் போட்டுவிடலாம் என்பதெல்லாம் உண்மை. அந்தச் சிமென்ட் சீட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட கல்நார் இழை இருக்கிறது. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவில் சுரங்கக் குத்தகையைப் புதுப்பிப்பது 1993-ல் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டிலிருந்து இழையை இறக்குமதி செய்து சீட்டு செய்வது மட்டும் தொடர்கிறது. நுரையீரலுக்குள் போன இழை இருபது முப்பது வருஷம் கழித்து நோயாக வரும். அப்போது யாருக்கும் சீட்டு நினைவுக்கு வராது.

ஏற்கெனவே தலைக்கு மேல் அந்தச் சீட்டு இருப்பவர்கள் பதற வேண்டாம். உடையாமல், அரிக்காமல் இருக்கிற சீட்டைச் சீண்டாமல் விட்டாலே ஆபத்து குறைவு. துளை போடும்போதும், மெஷினில் அறுக்கும்போதும், உடைத்துப் போடும்போதும்தான் தூள் பறக்கிறது. கழற்ற நேர்ந்தால் தண்ணீர் அடித்து நனைத்து, முழுசாக இறக்குங்கள். உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். குழந்தைகளை அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள். உடைந்த துண்டுகளைக் குண்டுக்குழிக்கு நிரவுகிற வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. அது கட்டாயம் நிற்க வேண்டும். கூலிக்கு வந்து கைக்குட்டை கூட இல்லாமல் அறுக்கிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். கல்நார் இல்லாத சிமென்ட் சீட்டும் சந்தையில் இருக்கிறது. கடைக்காரரிடம் அதைத்தான் தருகிறார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கலர் சீட் இப்போது எங்கு பார்த்தாலும் இருக்கிறது. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு உள்ளது வெறும் ஜிங்க் சீட்டைவிட நாள்படும். அரை மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். ரப்பர் வாஷரோடு கூடிய ஸ்குருவாக இருக்க வேண்டும். அந்த ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மொட்டைமாடி மேல் நிழலுக்கு இந்தச் சீட்டைப் போடுவதை நான் ஆதரிக்கிறேன். தளத்தின் மேல் வெயில் விழாமலே போய்விடும். ஆனால் படுக்கையறைக்கு நேர் கூரையாக வேண்டாம். பகலில் காய்ச்சும், மழை பெய்தால் பேச்சு கேட்காது. வேறு வழியில்லை என்றால் நடுவில் நுரை வைத்த பஃப் பேனலைப் பாருங்கள்.

கீற்றுக் கூரையின் குளிர்ச்சிக்கு எதுவும் ஈடில்லை. ஆனால் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று மதிய உணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகள் வெந்துபோன பிறகு, மனிதர்கள் உறங்கும் இடத்துக்குக் கீற்றைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. மாட்டுக் கொட்டகையோடு அது இருக்கட்டும்.

தளமும் வேண்டும், சூடும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு ஃபில்லர் தளம் என்று ஒன்று இருக்கிறது. கேரளத்தில் ஐம்பது ஆண்டுக்கு மேலாக நிற்கிற முறை. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர் இதை ஊரெங்கும் கட்டிக் காட்டினார். தளத்தின் மேற்பாதிதான் அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுப்பைத் தாங்குவது கம்பி, அங்கே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் எடை. எனவே கம்பிக் கட்டங்களுக்கு நடுவே இரண்டு மங்களூர் ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள். கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, இரண்டு ஓட்டுக்கு நடுவில் அகப்பட்ட காற்று சூட்டையும் தடுக்கிறது. சீலிங் பூசாமல் விட்டால் சிவப்புக் கட்டங்கள் அழகாகத் தெரியும். கம்பி இடைவெளியை ஓட்டின் அளவுக்குத் தக்க இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி கண்ணளவில் முடிவு செய்கிற வேலை இல்லை. எங்கள் ஊர்க் கொத்தனார்கள் முதல் தடவை தயங்குவார்கள். ஒன்றைப் போட்டு முடித்ததும் அடுத்ததை அவர்களே கேட்பார்கள்.

வீடு முழுக்க ஒரே கூரைதான் வேண்டும் என்று சட்டம் இல்லை. கடலிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் கட்டுகிறவர்களுக்கு நான் கொடுக்கிற யோசனை இது: நடுவில் ஒன்றோ இரண்டோ அறைக்குக் கான்கிரீட் தளம், அதன் மேல் ஜல்லிச் சுண்ணாம்பும் வெள்ளை ஓடும். புயல் இரவில் குடும்பமே அங்கே இருக்கலாம். முன்கூடம், சமையலறை, பெரியவர்கள் பகலில் சாய்கிற பின்கட்டு எல்லாம் மங்களூர் ஓடு. 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்திலும் 360 சதுர அடியில் 300-க்குத்தான் கான்கிரீட். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத கூரை எதையும் வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கலாம். கீற்றும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது. அந்த அறுபது சதுர அடியில் சமையலறையை வைத்து ஓடு போட்ட ஒரு பெண்மணி, அடுப்புப் புகையும் அனலும் மேலேயே போய்விடுகிறது என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

சோலார் வைக்கிற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்கு ஏறக்குறைய 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும், தெற்கே பார்த்த சரிவு வேண்டும். தளமாக இருந்தால் தாங்கிக்கான போல்ட்டைக் கான்கிரீட்டோடு சேர்த்தே வைத்துவிடலாம். பிறகு துளை போட்டால் அங்கேதான் முதல் ஒழுகல் வரும். ஓட்டுக் கூரையாக இருந்தால் தாங்கி சட்டத்தில் பூட்ட வேண்டும், ஓட்டில் இல்லை.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். தளம் என்றால் கனம் எவ்வளவு, கவர் பிளாக் என்ன அளவு, எத்தனை நாள் தண்ணீர் கட்டுவார், ஜல்லிச் சுண்ணாம்பு எத்தனை அங்குலம், மேலே என்ன ஓடு. ஓட்டுக் கூரை என்றால் சட்டத்துக்கு என்ன பைப், சுவரோடு எதில் பூட்டுகிறார், கம்பி கட்டுகிறாரா, சீலிங் ஓடு உண்டா. சீட் என்றால் கனம், பூச்சு, ஸ்குரு. ஒவ்வொன்றும் தனித்தனி வரியில், தனித்தனித் தொகையோடு வரவேண்டும். "கூரை வேலை, மொத்தம்" என்று ஒரே வரியில் எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.